கசெட் கைப்பையில், கல்யாணம் பெட்டிக்குள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டின் பின்னறையில்தான் அந்த எண்ணம் வந்தது. மணமகளின் தங்கை பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காகக் கணினித் திரையில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, மஞ்சள் நிறம் பூசி, இடமிருந்து வலமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய உம்மா, என் முதலாளி நஸீரா ராத்தாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“தொடக்கத்தில மகள்ட பேர மட்டும் சரி போட ஏலாதா ராத்தா? ஆம்புளைகள்ட பக்கத்து வீடியோவில பேரும் பூவும் எல்லாம் வருதே.”

“ஏலாது. பேர் போடுறண்டா ஆம்புள ஒத்தன்ட கடைக்குக் கசெட்டக் குடுக்கணும். நான் குடுக்க மாட்டேன்.”

தோளில் கமராவுடன் நடுவில் நின்ற நான் அந்த மஞ்சள் எழுத்துகளையே பார்த்தேன். பெயர் ஓடுகிறது. ஓட்டுகிறவள் பத்தாம் வகுப்புப் பிள்ளை. கடையும் இல்லை, ஆம்பிளையும் இல்லை. பிறகென்ன?

இந்த மாதக் கடைசியோடு வீடியோக்காரியாக எனக்கு ஓய்வு. இருபத்தொன்பது வயதில் ஓய்வா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். கணினி படிப்பிக்க ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, போகிறேன். என் இடத்துக்கு வந்திருக்கிற இரண்டு பெண்கள், “அக்கா, கமராவைக் கொம்பியூட்டர் கண்டுபிடிக்காட்டி என்ன செய்யிறது எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ” என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். கம்பியைச் சரியாகச் செருகு, கணினியை மறுபடி போடு என்று இரண்டு வரியில் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வரி மட்டுமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ராத்தா என்றால் அக்கா. நஸீரா ராத்தா முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை மட்டும் படம் பிடிப்பவர். பெண்கள் பக்கம் என்றால் ஆண் கால் வைக்காத பக்கம். அங்கே முக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டு, தலையில் பூ வைத்து, கைதட்டிப் பாடிச் சிரிப்பார்கள். அதைப் படம் பிடிக்கப் பெண் வேண்டும். பிடித்த படத்தை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. கொழும்பில் அந்த நாளில் கமரா தூக்கத் தெரிந்த பெண்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பாமன்கடைப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர்கள் ராத்தாவுக்குச் சொந்தம். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் கணிதம் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல், வீட்டில் சும்மா இருந்து ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த என்னை அவர்கள்தான் அவருக்குக் காட்டிவிட்டார்கள். மூன்று கல்யாணம் பின்னால் நின்று பார்த்தேன். நாலாவதில் கமரா என் தோளுக்கு வந்துவிட்டது. பயிற்சி அவ்வளவுதான்.

ராத்தாவின் நடைமுறைகள் அவ்வளவு சுருக்கமில்லை. மண்டபத்துக்குள் போனதும் செருப்பைக் கழற்றுவார். ஒவ்வொரு நாற்காலியாகப் போய், குனிந்து, காதுக்குக் கிட்டக் கேட்பார்: “ஒங்கள எடுக்கலாமா?” வேண்டாம் என்றவர்களை இடப்பக்கத்துக்கு எழுப்பி அனுப்புவார். இடப்பக்கத்துக்கு எல்லையாக ஒரு தூணையோ பூச்சட்டியையோ எனக்குக் கண்ணால் காட்டுவார். கமரா அதைத் தாண்டித் திரும்பக் கூடாது. மணமகளே இடப்பக்கம் போனாலும் கூடாது. ஒரு முறை போனாள். நான் கமராவை நிலத்துக்குத் தாழ்த்தினேன். அந்த வீடியோவில் ஒரு நிமிடம் என் கால் விரல்கள்தான் தெரியும்.

கசெட்டில் பெயர் எழுத மாட்டார், எண் மட்டும். சுருக்குப் பை ஒன்றில் போட்டு, வேலை முடிந்ததும் மணமகளின் தாயிடம் நான்கு பெண்கள் பார்க்க வலக்கையால் கொடுப்பார். கொடுக்கும்போது எப்போதும் ஒரே வசனம், எல்லாம் இதில் இருக்கிறது என்று: “எடுத்தது எல்லாம் இதில ஈக்கி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

சத்தம் போட்டு அவர் ஏசி நான் கேட்டதே இல்லை. பிழை விட்டால் என் பெயரைச் சொல்ல மாட்டார். “புள்ள” என்பார். அந்த ஒரு சொல்லோடு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மஞ்சள் எழுத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் அவரை விடவில்லை. கணினி ஒன்று வாங்குவோம், உங்கள் வீட்டிலேயே வைப்போம், நானே வெட்டுகிறேன், பெயர் போடுகிறேன், பூ போடுகிறேன். ஆண் கண் படாது. ராத்தா இரண்டு மாதம் யோசித்தார். அதற்குள் கட்டாரில் இருந்த அவருடைய தம்பி புது டிஜிட்டல் கமரா ஒன்றை அனுப்பிவிட்டார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கசெட். படம் கண்ணாடி மாதிரி. கணினியும் வந்தது. கொட்டாஞ்சேனையில் ராத்தாவின் படுக்கையறையில், அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதற்கு இடம்.

எல்லாம் வந்தது. கமராவும் கணினியும்தான் ஒன்றோடொன்று பேசவில்லை.

கடையில் கணினிக்குள் பூட்டித் தந்த கார்ட் அட்டையில், தொலைக்காட்சிக்குக் கொடுக்கிற மஞ்சள் கம்பியைச் செருகும் துளைதான் இருந்தது. சரி, அதிலேயே செருகினேன். படம் வந்தது. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அரை மணித்தியாலம் போனதும் சிரிப்பு நின்றது. படம் விக்கத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் பாட்டு முன்னால் போய்விட்டது, வாய் பின்னால் வந்தது. பத்து நிமிடத்தில் பாட்டு முடிந்த பிறகும் பெண்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

“எனத்தியன் இது? மீன் தொட்டியா?” என்றார் ராத்தா.

அப்போது கையில் இருந்தது ஸுமையாவின் கல்யாணம். ஸுமையாவின் உம்மா யாழ்ப்பாணத்து முஸ்லிம். முஸ்லிம்கள் எல்லோரையும் தமிழ் இயக்கம் வெளியேற்றியபோது ஊரை விட்டு வந்து புத்தளத்தில் பத்து வருடம் இருந்தவர். மகளின் கல்யாணத்துக்காகத்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். மருதோன்றி போட்ட பின்னேரம், ஒரே தெருவில் முன்பு குடியிருந்து இப்போது வெவ்வேறு ஊர்களில் இருந்த பெண்கள் புத்தளத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வான் பிடித்து வந்தார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக எல்லோரும் ஒரே அறையில். தங்கள் தெருவில் பாடிய பாட்டுகளைப் பாடினார்கள். ஸுமையாவின் உம்மாதான் எடுத்துக்கொடுத்தார். கரகரத்த குரல், ஆனால் எந்த இடத்திலும் தடுக்கவில்லை.

என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை யாழ்ப்பாணத்தில எவடம்?” என்பது. சொன்னேன். “அட, எங்கட வீட்டில இருந்து சைக்கிளில பத்து நிமிசம்” என்றார். பிறகு எனக்கு வட்டிலப்பம் இரண்டு தரம் வைத்தார். அவர் ஏன் ஊரை விட்டு வந்தார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

ஸுமையா ஒன்பது நாளில் லண்டனுக்குக் கணவனிடம் போகிறாள். அதற்குள் பாட்டும் வாயும் சேர்ந்த வீடியோ வேண்டும். “இது மட்டும்தான் நான் கொண்டு போறது. நகை எல்லாம் இஞ்சதான் இருக்கப் போகுது” என்று அவள் சொல்லியிருந்தாள்.

நான் வெள்ளவத்தை முழுக்க விசாரித்தேன். கமராவின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் மூடி, அதற்குள் நாலு ஊசிகளோடு ஒரு குட்டித் துளை இருந்தது. அந்தத் துளைதான் வழி என்று ஒரு கணினிக் கடையில் வேலை செய்த செல்வம் சொன்னான். ஹட்டன் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும்.

“அதுக்குன்னு தனியா ஒரு கார்ட் இருக்குங்க. ஃபயர்வயர்னு சொல்லுவாங்க. அதப் போட்டீங்கன்னா படமும் சத்தமும் ஒண்ணாவே வரும், விக்காது. ஆனா பெட்டியக் கொண்டாந்தாதான் பூட்ட முடியும். கமராவும் வேணும், டெஸ்ட் பண்ணணும்.”

ராத்தாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “கசெட்?”

“கசெட்டை நான் குடுக்க மாட்டன் ராத்தா. விட்டுட்டுப் போகவும் மனமில்லை, என்ர கைப்பையில இருக்கும். டெஸ்டுக்கு வெறும் கசெட் கொண்டு போறன்.”

“சரி. கைப்பைய மடியில வெச்சிக்கோ. கீழ வெக்காத.”

கணினிப் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி த்ரீவீலரில் வைத்தேன். அந்த நாளில் சேலை சுற்றிய பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெட்டை கொழும்புக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதென்றால் எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் சோதனைச் சாவடியிலேயே இறக்கினார்கள். என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்த ஆமிக்காரப் பொடியன், பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

“மேக்கே மொனவாத?” இதற்குள் என்ன என்றான்.

“கொம்பியூட்டர் எகக் மல்லி.” ஒரு கணினி, தம்பி என்றேன்.

சேலையை அவிழ்த்துப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். கணினிதான். கட்டச் சொன்னான். பிறகு கைப்பை. கமராவையும் கசெட்டையும் கண்டதும் முகம் மாறியது. கசெட்டைப் போட்டுக் காட்டு என்றான். நான் மாட்டேன் என்றேன். அடையாள அட்டை அவன் கையில். நான் மாட்டேன் என்கிறேன். இதில் பெண்கள் மட்டும்தான், முஸ்லிம் கல்யாணம், ஆண்கள் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். த்ரீவீலர்க்காரர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். கடைசியில் பெரியவன் ஒருவன் வந்து, பெண் பொலிஸ் ஒருவரைக் கூப்பிட்டான். அவர் கமராவின் சின்னக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தார். நிமிர்ந்து, “ஹரி லஸ்ஸனாய்” என்றார். நல்ல வடிவாம். போகச் சொன்னார்.

வெள்ளவத்தை வரைக்கும் எனக்கு என்னை நினைத்தே புல்லரித்தது. கசெட்டைக் காப்பாற்றிவிட்டேன். ஆமியிடமிருந்தே காப்பாற்றிவிட்டேன்.

செல்வத்திடம் பெட்டியையும் கமராவையும் வெறும் கசெட்டையும் கொடுத்தேன். ஐந்து மணிக்கு வரச் சொன்னான். ராத்தாவிடம் கசெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று காலி வீதியில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பை மடியில். உள்ளே கையை விட்டுக் கசெட்டைத் தடவிப் பார்த்தேன். இருக்கிறது. மருதோன்றி, பாட்டு, முக்காடில்லாத முப்பது பெண்கள், எல்லாம் இதோ என் விரலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மீன் தொட்டி நினைவுக்கு வந்தது.

விக்கி விக்கி ஓடிய அந்த நாற்பது நிமிடம். அதை நான் அழிக்கவில்லை. அது பெட்டிக்குள், ஹார்ட் டிஸ்கில் இருந்தது. நான் ஆமிக்காரனோடு சண்டை பிடித்துக் காப்பாற்றிய அதே படம். ஒரு ஆணின் மேசையில் நானே தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எங்களுக்குக் காவல் என்றால் கசெட்டுக்குத்தான் காவல். படம் கசெட்டில் இருக்கும், கசெட் பையில் இருக்கும், பை மடியில் இருக்கும். ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் என்பது, கணிதம் படித்த எனக்கே உறைக்கவில்லை.

அடுத்த தரிப்பில் பாய்ந்து இறங்கி ஓடினேன். கடைக்குள் போகும்போது செல்வம் தனியாக இருந்தான். பெட்டி திறந்து கிடந்தது. மொனிட்டர் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

“என்னங்க, மூச்சு வாங்குது? உக்காருங்க.”

“நீங்கள் பாத்தனீங்களா?”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான். “கார்டப் பூட்டிட்டு, வேல செய்யுதான்னு அந்த எடிட்டிங் புரோகிராமத் தெறந்தேங்க. நீங்க கடைசியா வெச்சிருந்தது தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. ஒரு அம்மா பாடிக்கிட்டிருந்தாங்க. தலையில துணியில்ல. கல்யாண வீடுன்னு மொதல்ல சாதாரணமா பாத்துட்டேன். பொறகுதான் ஆம்பளைங்க யாருமே இல்லியேன்னு யோசிச்சேன். மூடிட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை நிமிசம் இருக்கும்.”

“முதலாளி?”

“சாப்பிடப் போயிருக்காரு. யாரும் பாக்கலீங்க. சத்தியமா.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இத ஏங்க போய்ச் சொல்றீங்க? நான் யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

நல்ல மனதோடுதான் சொன்னான். பெட்டியை மறுபடி சேலையில் சுற்றி, அவனே த்ரீவீலரில் ஏற்றியும் விட்டான். அட்டை வேலை செய்தது, வெறும் கசெட்டில் தெருவை எடுத்துச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்றான். நான் எதிர்பார்த்துக் கிடந்த செய்தி. காதில் ஏறவில்லை.

கொட்டாஞ்சேனை போய்ச் சேரும் வரை அவன் சொன்னது மண்டைக்குள் சுற்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? உண்மைதான். ஆனால் எட்டு நாளில் ராத்தா ஸுமையாவின் உம்மாவிடம் வலக்கையால் பையைக் கொடுப்பார். அந்த வசனத்தைச் சொல்வார். நான் பக்கத்தில் நிற்பேன்.

படியேறியதும் சொல்லிவிட்டேன். ராத்தா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். நான் எதிர்பார்த்த “புள்ள” வரவில்லை. எழுந்து அபாயாவைப் போட்டார்.

“வா. போவம்.”

“எங்க ராத்தா?”

“அவங்கட ஊட்டுக்கு.”

“இப்பவா? கொஞ்சம் யோசிச்சு...”

“யோசிச்சா செல்ல மாட்டேன். வா.”

ராத்தாவின் பேச்சில் ‘சொல்ல’ என்பது ‘செல்ல’. இரண்டு தெரு தள்ளி வீடு. ஸுமையாவின் உம்மா சூட்கேசில் மகளின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸுமையா பக்கத்தில். ராத்தா உட்காரவில்லை.

“ஒரு விசயம் செல்ல வந்தீக்கேன். ஒங்கட மருதோண்டி வீடியோவ ஒரு ஆம்புள அரை நிமிசம் பாத்தீக்கான். என்ட வேலைல நடந்த பிழ.”

என்ட வேலை என்றார். இந்தப் பிள்ளை செய்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஸுமையா என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

“எந்த அரை நிமிசம்?” என்று என்னிடம் கேட்டார்.

“தொடக்கம் அம்மா. நீங்கள் முதல் பாட்டை எடுத்துக்குடுத்த இடம்.”

“அதில ஆர் ஆர் தெரியிறது?”

“நீங்கள்தான். கிட்டத்தில. பின்னால ரெண்டு மூண்டு பேர், தெளிவில்லை.”

“அப்ப என்னைத்தானே பாத்தவன்?” சட்டையைச் சூட்கேசில் வைத்தார். “என்னை நம்பி வந்த பிள்ளையள் இல்லையே?”

“இல்லை. அவன் சொன்னதை வைச்சுத்தான் சொல்லுறன். நான் பக்கத்தில நிக்கேல்லை.”

அவர் அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு என்னைப் பார்த்தே சொன்னார்: “ஊரை விட்டு நடந்து வரேக்குள்ள எத்தினை பேர் எங்களைப் பாத்தவங்கள், பிள்ளை. அண்டைக்குத் தலைத்துணி ஒழுங்கா இருந்ததோ எண்டு ஆர் கேட்டது? நீங்கள் வந்து சொல்லுறியள்.” கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் துடைத்தார். “சரி. பாட்டும் வாயும் சேருமோ?”

“சேரும். இனிச் சேரும்.”

“அப்ப முடி. முடிஞ்ச உடன பெட்டியில இருக்கிறதை என்ர கண்ணுக்கு முன்னால அழிக்க வேணும்.”

அன்று கம்பியைச் செருகினேன். சின்ன நுனி கமராவில், பெரிய நுனி கணினியில். கணினி “டிங்” என்றது. கமராவின் பெயர் திரையில் வந்தது. கணினியில் பொத்தானை அழுத்த, கமராவுக்குள் கசெட் தானாகச் சுழன்றது. ஸுமையாவின் உம்மா வாயைத் திறந்தார், பாட்டு அந்த வாயிலிருந்தே வந்தது. பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணித்தியாலம் கழித்தும் பிசகவில்லை. நடுவில் இரண்டு தரம் கரண்ட் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அது பெரிய விடயமில்லை. இந்த முறை நான் கட்டிலில் ஏறிக் குதிக்கவில்லை. ராத்தா கதவைத் தாழிட்டுவிட்டு என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு இருந்தார்.

வெட்டி முடித்ததும் அடுத்த தலையிடி. கமரா படத்தைக் கணினிக்குத் தரும், திரும்ப வாங்காது. கணினியின் பின்னால் தொலைக்காட்சிக்கென்று இருந்த துளையிலிருந்து மஞ்சள் கம்பி இழுத்து, பெரிய கசெட் ஒன்றில் பதிந்தேன். தொடக்கத்தில் ஸுமையாவின் பெயரை ஓடவிட்டேன். பூ போடவில்லை. பூ போட எனக்கு முகமில்லை.

உம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். பிறகு நான் அவர் முன்னால் ஒவ்வொரு கோப்பாக அழித்தேன். குப்பைத் தொட்டிப் படத்தையும் திறந்து காலியாக்கினேன். “போயிட்டுதோ?” என்றார். “ஓம்” என்றேன். ராத்தா இரண்டு கசெட்டையும் பையில் போட்டு வலக்கையால் நீட்டினார்.

“எடுத்தது எல்லாம் இதில ஈக்கி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவர் படியிறங்கியதும் ராத்தா பெட்டியைக் காட்டினார். “அந்த டிஸ்க்கக் கழட்டு. பிற ஆள் பாத்த டிஸ்க்ல இன்னொரு புள்ளட கல்யாணத்தப் போட மாட்டேன். இனி இந்தப் பெட்டி ஊட்ட உட்டு வெளிய போகாது. தொறக்கிறண்டா நீ தொற.”

நான் அதுவரை கணினிப் பெட்டியைத் திறந்ததில்லை. செல்வத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல, ராத்தா ரிசீவரை என் காதோடு பிடித்துக்கொண்டு நிற்க, ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றினேன். ராத்தா அந்த டிஸ்கைப் பழைய முக்காடு ஒன்றில் சுற்றி, வீட்டு உறுதிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கிற அலுமாரித் தட்டில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு எங்கள் கணினி எந்த ஆணின் மேசையிலும் ஏறவில்லை. அட்டை மாற்றியது, விசிறி மாற்றியது, இடி விழுந்து கருகிய பாகத்தை மாற்றியது எல்லாம் நான்தான்.

இதுவரை உள்ளதை அந்த இரண்டு பெண்களுக்கும் முன்பே வாய்வழியாகச் சொல்லியிருக்கிறேன். இனி வருவது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வருடத்துக்குப் பிறகு செல்வம் ஏதோ கதையில் சொன்னான்: “அழிச்சாலும் ஒடனே போவாதுங்க. அதுமேல வேற எதையாச்சும் எழுதினாத்தான் போவும். அதுவரைக்கும் பேரு மட்டுந்தான் இல்ல, படம் அங்கயேதான் இருக்கும்.” நான் சரி என்று வைத்துவிட்டேன். அலுமாரியில் இருந்த டிஸ்கின் மேல் யாரும் எதையும் எழுதவில்லை. எழுத முடியாதபடி ராத்தாவே பூட்டி வைத்திருந்தார். அந்த வசனத்தை அதற்குப் பிறகும் எத்தனையோ தாய்மாரிடம் அவர் சொன்னார். மற்றவர்களின் படத்தின் மேல் அடுத்த கல்யாணம் ஏறி அதை அழித்துவிடும்; ஸுமையாவின் உம்மாவிடம் சொன்னது மட்டும் உண்மையாக ஆகவேயில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை படியேறியதும் சொன்னவளுக்கு இரண்டாவது தடவை ஐந்து வருடம் எடுத்தது.

போன கிழமை ஸுமையா லண்டனிலிருந்து ராத்தாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் ஒரு கணம் தயங்கினாள். அன்றைக்குக் கதவைச் சாத்திய பிறகு நாங்கள் பேசியதே இல்லை. உம்மா இரண்டு மாதத்துக்கு முன் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டாராம், அடக்கமும் முடிந்துவிட்டதாம். கைக்குழந்தை இருந்ததால் வர முடியவில்லையாம். அவளுடைய வீட்டில் மேல்மாடிக் குழாய் வெடித்துப் பெட்டிகள் எல்லாம் நனைந்து, சின்னக் கசெட்டும் பெரிய கசெட்டும் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டனவாம்.

“உம்மாட குரல் என்னட்ட ஒண்டும் இல்லை. உங்களிட்ட ஏதும் கொப்பி கிப்பி இருக்குதா?”

“எங்களிட்ட ஒண்டும் இல்லை” என்றேன். நாக்கு அந்த வசனத்துக்குப் பழகிவிட்டது.

நேற்றுப் பகல் ராத்தாவிடம் சொன்னேன். செல்வம் சொன்னது, எனக்கு எப்போது தெரியும் என்பது, ஏன் சொல்லவில்லை என்பது, எல்லாம். அவர் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“புள்ள” என்றார். “அந்த மனுசிக்கிட்ட நான் இல்லாதத செல்லீக்கேன்.”

“தெரியாமத்தானே ராத்தா.”

“நான் தெரியாம. நீ தெரிஞ்சி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அலுமாரியைத் திறந்து, முக்காடு சுற்றிய டிஸ்கை எடுத்து என் மடியில் வைத்தார்.

“கெடச்சா, மொதல்ல அவளுக்கு இதச் செல்லணும். அழிச்சோம்னு சென்னது அழியாம கெடந்திச்சி, ஒரே ரூம்ல பூட்டி ஈந்திச்சி, ஒத்தரும் பாக்கல்ல. அதக் கேட்டுட்டு அவள் வேணுமெண்டு சென்னாத்தான் பாட்டு. வேணாமெண்டா, அழியிற மாதிரி அழி.”

“கிடைக்காட்டி?”

“கெடைக்காட்டியும் செல்லணும்.”

நாளைக் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். புதுப் பெண்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறப்பது அவர்கள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: இந்தப் பழைய டிஸ்கிலிருந்து கணினியைத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் அதுவே எதையாவது மேலே எழுதிவிடும். டிஸ்கின் ஓரத்தில் ஜம்பர் என்று இருக்கிற குட்டி ஊசிமூடியை இடம் மாற்றி, இரண்டாவது டிஸ்காகத்தான் பூட்ட வேண்டும். அதிலிருந்து எடுப்பதை எல்லாம் புது டிஸ்கில் வைக்க வேண்டும். தேடுகிற மென்பொருளைச் செல்வம் ஒரு சீடியில் கொடுத்துவிட்டிருக்கிறான். வாசலில் வைத்துக் கொடுத்தான். உள்ளே வரவா என்று கேட்கவில்லை.

டிஸ்க் இத்தனை வருடத்துக்குப் பிறகு சுழலுமா தெரியாது. சுழன்றாலும் கோப்புகள் முழுதாக வருமா தெரியாது. முதல் அரை நிமிடமாவது வந்தால் போதும் என்று நினைக்கிறேன். அதில் அவர் மட்டும்தான் இருக்கிறார், கிட்டத்தில், முதல் அடியை எடுத்துக்கொடுத்தபடி.

அந்த ஊசிமூடி அரிசியளவுதான் இருக்கும், விரலால் பிடிக்க வராது. புருவம் எடுக்கிற சாமணத்தைக் கைப்பையில், முன்பு கசெட் வைக்கிற அறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.